பிங் பதில் தராவிட்டால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள்

பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் 200 ஜிபி குடும்பப் படங்களைப் புது லேப்டாப்புக்கு மாற்ற ரவுட்டர் வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே லேன் கேபிளால் நேரடியாக இணைத்துவிடலாம். ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி வரை நகரும். ஹார்டு டிஸ்க் ஈடுகொடுத்தால் அரை மணி நேர வேலைதான். ஆனால் கேபிளைச் செருகிய பிறகும் ஒரு கணினிக்கு மற்றது தெரியாமல் போவதும், ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் பிங் சோதனைக்குப் பதில் வராததும் மிகச் சாதாரணம். உடனே புதுக் கேபிள் வாங்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள், கேபிளைப் பற்றிக் கணினியே சாட்சி சொல்லும்.

முதலில் போர்ட்டில் உள்ள விளக்கைப் பாருங்கள். எரிந்தால் இரு முனைகளும் மின்னளவில் ஒன்றையொன்று கண்டுகொண்டுவிட்டன. ஒரு காலத்தில் இதற்கே ‘கிராஸ் கேபிள்’ தேவைப்பட்டது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் (கேபிள் வழி நெட்வொர்க்கில்) போர்ட்டின் 1, 2 பின்கள் அனுப்பும். 3, 6 பின்கள் வாங்கும். இரண்டு கணினிகளும் அதே கம்பிகளில் அனுப்பினால் கேட்பதற்கு ஆளில்லை. அதனால் ஒரு முனையில் கம்பிகளை இடம் மாற்றிக் கிரிம்ப் செய்தார்கள். 1999-இல் இவ்வகைச் செம்புக் கேபிளுக்குத் தரப்படுத்தப்பட்ட ஜிகாபிட் ஈதர்நெட் நான்கு ஜோடிகளையும் இரு திசையிலும் பயன்படுத்துகிறது. ஜிகாபிட் போர்ட்டுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த மாற்றத்தைத் தாமாகவே செய்துகொள்ளும். ஆகவே சாதாரணக் கேபிளே போதும். வேகம் மட்டும் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் 4, 5, 7, 8 கம்பிகளில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். அப்போது கேபிளைச் சந்தேகிப்பது நியாயம்.

அடுத்தது முகவரி. நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை வழக்கமாகக் கொடுப்பது ரவுட்டர். இங்கே அது இல்லை. கேட்டுப் பார்த்து ஓய்ந்த விண்டோஸ், 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். இதைப் பார்த்ததும் ஏதோ கோளாறு என்று பயப்படுகிறார்கள். இணையத்துக்குப் போக வேண்டிய கணினியில் அது கோளாறின் அடையாளம்தான். நேரடி இணைப்பில் அப்படியில்லை: இரண்டு பக்கமும் 169.254 இருந்தால் தாராளமாகப் பேசிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் யாரோ எப்போதோ கையால் போட்ட பழைய முகவரி தங்கியிருந்தால்தான் பேச்சு நின்றுபோகும்.

நான் கையால் கொடுப்பதையே விரும்புவேன். ஒன்றுக்கு 10.20.30.1, மற்றதற்கு 10.20.30.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க் என்று சொல்லும் எண்) 255.255.255.0. வெளி நெட்வொர்க்குக்கான வாசலைக் குறிக்கும் கேட்வே இடம் காலியாகவே இருக்கட்டும். 192.168.1 வரிசையைத் தவிர்ப்பதற்குக் காரணம் வைஃபை. வீட்டு ரவுட்டர் அதே வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால், எந்த வழியாக அனுப்புவது என்று லேப்டாப் குழம்பும். கேபிளில் போக வேண்டியது வைஃபையில் போய்த் தொலைந்துபோகும். விளக்கும் முகவரியும் சரியாக இருந்தும் வேலை செய்யாத பல இணைப்புகளுக்கு இதுதான் காரணம்.

இப்போது பிங். பதில் வராவிட்டால் என்ன செய்தி வருகிறது என்று நிதானமாகப் படியுங்கள். நோயறிதல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பிங் அனுப்பும் முன் கணினி ‘ஆர்ப்’ என்ற முறையில் கேபிளில் ஒரு கேள்வி போடும்: 10.20.30.2 யாருடையது, உன் எம்ஏசி முகவரி (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்) என்ன? இதற்கு விடையே வராவிட்டால் விண்டோஸ் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ (எதிர்க் கணினியை எட்ட முடியவில்லை) என்று தன் சொந்த முகவரியிலிருந்தே சொல்லும். அப்படியானால் கேபிள், முகவரி, வழி ஆகியவற்றைத் திரும்பப் பாருங்கள்.

‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ (காத்திருந்தும் பதிலில்லை) என்று வந்தால் கதையே வேறு. அநேகமாக ஆர்ப் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, பிங்குக்குத்தான் பதிலில்லை. இந்த விடைகளைக் கணினி குறித்துவைக்கும் ஆர்ப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எதிர்க் கணினியின் எம்ஏசி முகவரி அங்கே பதிவாகியிருந்தால் கேபிள் நலம், முகவரி நலம். வாயை மூடியிருப்பது, வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவல் மென்பொருளான ஃபயர்வால். அது பிங்கைத் தடுக்கும், ஆர்ப்பைத் தடுக்காது.

ஃபயர்வால் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸால் அடையாளம் காண முடியாது. ‘அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்’ என்று பெயரிட்டு, ரயில் நிலைய வைஃபையைப் போலப் பொது இடமாக நடத்தும். இதற்காக ஃபயர்வாலையே அணைத்துவிடும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அதே லேப்டாப் வைஃபை வழியாக இணையத்திலும் இருக்கிறதே! அந்த ஒரு இணைப்பை மட்டும் ‘பிரைவேட்’ ஆக்கி, கோப்புப் பகிர்வை அனுமதித்தால் போதும்.

பிறகு நெட்வொர்க் பக்கத்தில் பெயர் தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் 10.20.30.2-உம் தட்டினால் நேராகத் திறக்கும். அங்கே பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால், எதிர்க் கணினியில் உள்ள கணக்கின் விவரங்களைக் கொடுக்க வேண்டும். தினமும் உள்ளே நுழையும் பின் எண் அந்தக் கணினியோடு மட்டும் கட்டுண்டது. கேபிள் வழியாகச் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. அந்தக் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.