"ஒரு மூடி" என்றால் எத்தனை மில்லி?

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால், "ஒரு மூடி", "முக்கால் ஸ்பூன்", "அரைப் பாலாடை" என்றுதான் பதில் வரும். இதில் எதை வைத்தும் கணக்குப் போட முடியாது. பாட்டிலோடு வரும் அளவு மூடி ஒன்றில் 5 மில்லி பிடிக்கும், இன்னொன்றில் 10. பாலாடையில் கோடே இல்லை. சீட்டில் டீஸ்பூன் என்று எழுதினால் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் என்றால் 15. ஆனால் அடுப்படியில் கிடக்கும் ஸ்பூன் 3 மில்லியும் பிடிக்கும், 7 மில்லியும் பிடிக்கும்.

மில்லியைச் சரியாக அளந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சாதா சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125. கூடுதல் வீரியம் உள்ளதில் 240 அல்லது 250. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 வீதம், ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று டாக்டர் சொல்கிறார் என்று வையுங்கள். சொட்டு மருந்தில் அது ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. போன தடவை 6 மில்லி கொடுத்த ஞாபகத்தில் 250 பாட்டிலிலிருந்து ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். சொட்டு மருந்திலேயே 6 மில்லி எடுத்தால் 600 மில்லிகிராம், அதாவது நான்கு வேளை மருந்து ஒரே வாயில். இதையே ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் கொடுத்துக்கொண்டே போனால் கல்லீரல் கெடும். முதலில் வாந்தியும் சோர்வும்தான் தெரியும். அதையும் காய்ச்சல் என்றே நினைத்துவிடுவார்கள். ஆகவே பாட்டில் மாறினால் பழைய மில்லி செல்லாது. லேபிளில் "1 மில்லியில் எவ்வளவு" அல்லது "5 மில்லியில் எவ்வளவு" என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

அளப்பதற்கு ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச்தான் நல்லது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, மருந்தை இழுத்து, காற்றுக்குமிழியைத் தள்ளிவிட்டு, கோட்டைப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுங்கள். நேரே தொண்டைக்குப் பீச்சினால் புரையேறும். மூடியில்தான் அளப்பீர்கள் என்றால் அதை மேசையில் வைத்துக் குனிந்து பார்க்கவேண்டும். கையில் தூக்கிப் பிடித்தால் சாயும். வீட்டில் இருக்கிறதே என்று இன்சுலின் சிரிஞ்சை மட்டும் எடுக்காதீர்கள். அதில் இருப்பது யூனிட் கோடு: சிவப்பு மூடி போட்டதில் 40 யூனிட் சேர்ந்தால்தான் 1 மில்லி, ஆரஞ்சு மூடியில் 100.

பொடியாக வரும் ஆன்டிபயாடிக்கிலும் கோட்டில்தான் கோளாறு வரும். ஆறவைத்த வெந்நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கியதும் மட்டம் இறங்கும். நுரை அடங்கியபின் மறுபடி கோடு வரை ஊற்றுங்கள். அப்படியே விட்டால் ஒவ்வொரு வேளையும் கூடுதல் மருந்து போகும்.

வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கானது, சின்னது 200 மில்லிக்கானது. பெரிய பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது. தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பு ஏறும், கூடினால் பலன் இல்லை. டம்ளர்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலி 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்குங்கள். 24 மணி நேரம் கழித்து மிஞ்சியதைக் கொட்டிவிட்டு, புதிதாகக் கலக்குங்கள்.