கிளோவர் மேலே மடியும், ஆக்ஸாலிஸ் கீழே மடியும்

"சாயங்காலம் ஆனால் என் ஊதா ஷாம்ராக் செடி மடக்கிய குடை மாதிரி தொங்கிவிடுகிறது. தண்ணீர் போதவில்லையா?" என்று வாசகி ஒருவர் படத்தோடு கேட்டிருந்தார். தண்ணீர் விட வேண்டாம், அது தூங்குகிறது. இன்னொன்று, அது ஷாம்ராக்கே இல்லை.

அயர்லாந்துக்காரர்கள் மார்ச் 17, புனித பேட்ரிக் நாளில் சட்டையில் செருகிக்கொள்ளும் ஷாம்ராக் ஒரு கிளோவர், அவரைக் குடும்பத்துச் செடி. எந்தக் கிளோவர் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. 1893 வாக்கில் நத்தானியேல் கோல்கன் என்பவர் பல ஊர்களிலிருந்து 'அசல் ஷாம்ராக்'கை வேரோடு வரவழைத்து, பூக்கும்வரை வளர்த்துப் பார்த்தார். சிலது மஞ்சளாகப் பூத்தது, சிலது வெள்ளையாக. 1988இல் திரும்பச் செய்தபோதும் அதே கதைதான்.

தொட்டியில் விற்பது பெரும்பாலும் ஆக்ஸாலிஸ். புளியாரையின் நெருங்கிய சொந்தம், அதே ஆக்ஸாலிக் அமிலப் புளிப்பு. பூனை, நாய் மேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். மூன்று சிற்றிலைகளும் காம்பு நுனியில் கூடும் இடத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கடுகை விடச் சின்னதாக ஒரு தடிப்பு இருக்கும். புல்வினஸ் என்று பெயர். செடியின் மூட்டு இதுதான். காலையில் இந்த மூட்டின் அடிப்பக்கச் செல்கள் பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கின்றன. உப்பு போன இடத்துக்குத் தண்ணீரும் போகும், சவ்வூடு பரவல் பள்ளியில் படித்ததுதான். காற்றடித்த டியூப் மாதிரி செல்கள் விறைத்து, இலையை மேலே நெம்பித் தூக்குகின்றன. மாலையில் அதே செல்கள் பொட்டாசியத்தை வெளியே விட, தண்ணீரும் கூடவே கிளம்பிவிடும். அடிப்பக்கம் தளர்கிறது, மேல்பக்கம் உப்புகிறது, இலை இறங்குகிறது. தசை கிடையாது, நரம்பு கிடையாது, வெறும் உப்பும் தண்ணீரும்! இத்தனை நாள் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

இருட்டைப் பார்த்துத்தான் மடிகிறதா என்றால், அதுவும் முழுக்க இல்லை. 1729இல் பிரெஞ்சுக்காரர் தெ மேரான் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாமல் அது நேரத்துக்கு விரிந்தது, நேரத்துக்கு மடிந்தது. உயிர்க் கடிகார ஆராய்ச்சியே அங்கிருந்துதான் கிளம்பியது. 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டுத்தான் காசு தருவோம் என்றிருந்தால் அந்தச் செடியை யார் இருட்டில் வைத்திருப்பார்கள்?

இந்தத் தூக்கத்தை வைத்தே வகையையும் பிரிக்கலாம். ராத்திரி டார்ச்சோடு போங்கள். ஆக்ஸாலிஸ் சிற்றிலைகள் கீழே தொங்கும். கிளோவரில் பக்கத்து இரண்டும் முகத்தோடு முகம் சேர, நடு இலை மேலெழுந்து கூரைபோல் மூடும். பகலிலென்றால் பூவைப் பாருங்கள்: கிளோவருக்குக் குட்டிப் பூக்கள் சேர்ந்த உருண்டை, ஆக்ஸாலிஸுக்குத் தனித்தனியாக ஐந்து இதழ்.

வாசகியின் செடி தென் அமெரிக்காவின் ஆக்ஸாலிஸ் டிரையாங்குலாரிஸ்: முக்கோணச் சிற்றிலை, வெளிர் இளஞ்சிவப்புப் பூ. நான்கு சிற்றிலையும் நடுவில் கருஞ்சிவப்புச் சிலுவையும் இருந்தால் அது மெக்சிகோவின் ஆக்ஸாலிஸ் டெட்ராஃபில்லா. இதை 'அதிர்ஷ்ட கிளோவர்' என்று விற்கிறார்கள். கிளோவரில் நாலிலை அபூர்வம், அதனால்தான் அதற்கு மவுசு. இந்தச் செடிக்கோ எல்லா இலையும் நாலிலைதான். இதில் அதிர்ஷ்டத்தை எங்கே தேடுவது?

வளர்ப்பது சுலபம். நல்ல வெளிச்சம், தண்ணீர் தேங்காத மண், மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். ஆனால் ஒருநாள் இலையெல்லாம் வாடி விழும், காலையிலும் எழாது. பலரும் தொட்டியோடு தூக்கிப்போடுவது அப்போதுதான். மண்ணைக் கொஞ்சம் கிளறுங்கள். குட்டிப் பைன் காய் மாதிரி, செதில் செதிலாக ஒரு கிழங்கு கெட்டியாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. காய்ந்ததை வெட்டிவிட்டு, சில வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். சுருண்ட முளை ஒன்று தலைகாட்டியதும் மறுபடி ஊற்றலாம்.