வியாபாரக் காற்றா, தடக்காற்றா?

பள்ளியில் ‘வியாபாரக் காற்று’ என்று படித்திருப்போம். பாய்மரக் கப்பலில் சரக்கு ஏற்றிப் போன வணிகர்களுக்கு உதவியதால் அந்தப் பெயர் என்று ஆசிரியரும் சொல்லியிருப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் அப்படி வரவில்லை.

ஆங்கிலத்தில் இந்தக் காற்றுக்கு ‘ட்ரேட் விண்ட்’ என்று பெயர். அதிலுள்ள ‘ட்ரேட்’ என்ற சொல் பழைய ஜெர்மானியப் பேச்சு ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, அதற்குத் தடம், போகும் வழி என்றுதான் பொருள். மிதிப்பதைச் சொல்லும் ‘ட்ரெட்’ அதற்குப் பங்காளி. ஒருவர் அன்றாடம் போய்வரும் வழி, அவருடைய தொழிலாகி, அப்புறம்தான் வியாபாரமானது. காற்று ‘ட்ரேட்’ ஆக வீசுகிறது என்று அந்தக் கால மாலுமி சொன்னால், திசை மாறாமல் ஒரே தடத்தில் வீசுகிறது என்று அர்த்தம். இதே காற்று பிரெஞ்சில் ‘அலிசே’, ஜெர்மனில் ‘பாஸாட்’. இரண்டிலும் கடைகண்ணி எதுவும் இல்லை.

நிலநடுக்கோட்டருகே சூடாகி மேலேறும் காற்று, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையில் கீழிறங்கி, கடலை ஒட்டி நடுக்கோட்டுக்கே திரும்புகிறது. பூமி சுழல்வதால் அந்தப் பாதை வளைகிறது. அதனால் வடபாதியில் வடகிழக்கிலிருந்தும் தென்பாதியில் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. இந்தக் காற்றுகளை 1686-இல் வரைபடமாக்கியவர் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தவரேதான்). சுழற்சியைச் சேர்த்து 1735-இல் விளக்கியவர் ஜார்ஜ் ஹாட்லி, படிப்பால் வழக்கறிஞர்!

கரீபியக் கடலின் அரூபா தீவில் திவிதிவி மரங்கள், யாரோ தலையைப் பிடித்து அழுத்தியதுபோல, தென்மேற்காகவே சாய்ந்து கிடக்கும். எல்லாம் இந்தக் காற்றின் வேலை. ஆப்பிரிக்கக் கரையோரம் உருவாகும் புயல்கள் அட்லாண்டிக்கைக் கடந்து மேற்கே போவதும் இதன் போக்கில்தான்.

நமக்கும் இது அந்நியம் இல்லை. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால், அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வணிகக் காற்று’ என்றால் அதே பிழைக்கு நல்ல சட்டை போட்டதுபோல. ‘கொண்டல்’ என்றால் திசை ஏறக்குறைய பொருந்தும், ஆனால் அது நம்மூர்க் கீழ்க்காற்று, மழைமேகத்துக்கும் அதே பெயர். என் ஓட்டு ‘தடக்காற்று’க்கே. மழையில் பதிந்து வெயிலில் இறுகிய வண்டித்தடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரம் அதில் இறங்கிவிட்டால், மாட்டை எவ்வளவு அதட்டினாலும் வண்டி விலகாது.