‘கெட்டி மெத்தை’ என்ற சொல் கெடுத்த முதுகுகள்

இந்த மாதத்தில் மட்டும் இவர் ஐந்தாவது ஆள். ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. காலையில் எழுந்தால் இடுப்பை நிமிர்த்தவே அரை மணி நேரம் ஆகிறது என்று வந்தார். முதுகைப் பரிசோதிப்பதற்கு முன்பே, “மெத்தை எப்போது வாங்கினீர்கள்?” என்று கேட்டேன். நான்கு மாதத்திற்கு முன்பு, இணையத்தில் என்றார். எதைப் பார்த்து வாங்கினீர்கள் என்றேன். “நல்ல கெட்டியான மெத்தை என்று போட்டிருந்தது டாக்டர். ஆர்த்தோபீடிக் என்றும் போட்டிருந்தது. விலையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள்.”

கைபேசியில் அந்த விற்பனைப் பக்கத்தைக் காட்டினார். முதுகெலும்பின் படம் இருந்தது. பச்சை நிற அம்புக்குறிகள் இருந்தன. சிரித்தபடி தூங்கும் பெண்ணின் படம் இருந்தது. அடர்த்தி என்ற சொல்லைத் தேடிக் கடைசி வரி வரை போனேன். அது மட்டும் இல்லை.

நான் இயன்முறை மருத்துவர். மெத்தை விற்பது என் தொழில் அல்ல. ஆனால் மெத்தை தவறினால் அதன் விளைவு என் மேசைக்குத்தான் வருகிறது. அதனால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசிவிட வேண்டும். தமிழில் ‘கெட்டி’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. அழுத்தினால் அமுங்காதது என்பது ஒன்று. நீண்ட நாள் உழைக்கும் உறுதி என்பது மற்றொன்று. சுவருக்கும் கதவுக்கும் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். மெத்தைக்குள் இருக்கும் ஃபோமில் அப்படி வராது. ஃபோமின் கடினம் என்பது, ஒரு துண்டைக் குறிப்பிட்ட ஆழத்துக்கு அழுத்த எவ்வளவு விசை தேவை என்ற அளவு. ஃபோமின் அடர்த்தி என்பது, ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்ற அளவு. தயாரிக்கும்போது சேர்க்கும் வேதிப்பொருள்களை மாற்றி, ஒரே அடர்த்தியில் மெத்தென்ற ஃபோமும் செய்யலாம், விறைப்பான ஃபோமும் செய்யலாம்.

நம்பிக்கை வரவில்லை என்றால், பொருள்களைப் பொதிந்து வரும் தெர்மகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய துண்டைக் குழந்தைகூடத் தூக்கிவிடும். அவ்வளவு எடை குறைவு. அழுத்திப் பாருங்கள், விறைப்பாக நிற்கும். ஆனால் அதன்மேல் தினமும் ஏறி உட்கார்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? இதற்கு நேர் எதிராக, அழுத்தினால் உடலின் வடிவத்துக்குக் குழைந்து, விட்டால் மெல்ல பழைய வடிவத்துக்குத் திரும்பும் மெமரி ஃபோம் இருக்கிறது. நல்ல மெமரி ஃபோம் கையில் எடுத்தால் கனக்கும், விரலை வைத்தால் குழையும், ஆண்டுக்கணக்கில் வடிவம் மாறாமலும் இருக்கும். கடினம் வேறு, உறுதி வேறு. இதை நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

விலை மலிவான கடின மெத்தைகளில் நடப்பது இதுதான். அடர்த்தி குறைந்த ஃபோமை விறைப்பாகச் செய்து விற்கிறார்கள். முதல் வாரம் பலகைபோல் இருக்கும், வாங்கியவருக்குத் திருப்தி. உடலில் அதிக எடை தங்கும் இடம் இடுப்பு. இரவெல்லாம் அதே இடத்தில் எடையும் உடல் சூடும் வியர்வையும் இறங்கும்போது, ஃபோமுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு காற்றறைகளின் மெல்லிய சுவர்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. சில மாதங்களில் இடுப்புக்குக் கீழே பள்ளம் விழுந்துவிடும். தோளுக்கும் காலுக்கும் கீழே இன்னும் விறைப்பு, நடுவில் தொட்டில். கெட்டி என்று வாங்கியது இப்படித்தான் முடிகிறது.

சரி, பள்ளம் விழாத கடின மெத்தையாக இருந்தால் நல்லதுதானே என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் சற்று உள்ளே இறங்க வேண்டும். இடை தாங்கப்பட வேண்டும். பலகைபோன்ற மெத்தையில் தோள் இறங்காது, இடை அந்தரத்தில் தொங்கும், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தே இரவைக் கழிக்கும். காலையில் தோள் மரத்துப்போய் எழுபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

முதுகு வலிக்குப் பலகையில் படு, தரையில் படு என்று ஒரு காலத்தில் சொன்னவர்களில் எங்கள் துறையினரும் உண்டு. அந்தப் பொறுப்பை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 2003-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வெளியானது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேர் அதில் கலந்துகொண்டனர். சிலருக்குக் கடின மெத்தை, சிலருக்கு நடுத்தரக் கடினம் கொண்ட மெத்தை. யாருக்கு எது என்பது படுத்தவர்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 90 நாள்கள் கழித்துப் பார்த்தபோது, படுக்கையில் வரும் வலியும், எழும்போது வரும் வலியும், அன்றாட வேலையில் ஏற்படும் தடையும் நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே கூடுதலாகக் குறைந்திருந்தன. அதன் பிறகு இரண்டு தசாப்தங்கள் கடந்துவிட்டன. விளம்பரங்கள் இன்னும் கெட்டி, கெட்டி என்றே கூவிக்கொண்டிருக்கின்றன.

‘ஆர்த்தோபீடிக்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெத்தையின் மீது அந்தச் சொல்லைப் போட எலும்பு மருத்துவர் யாரும் சோதித்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அது விற்பனைச் சொல். ‘விண்வெளித் தொழில்நுட்பம்’ என்பதும் அப்படியே. மெமரி ஃபோம் 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது என்பது உண்மை. ஆனால் விமான இருக்கையில் அமர்பவரை மோதலின்போது காப்பதற்காக அது பிறந்தது. உங்கள் இடுப்பு வலிக்கு நாசா மருந்து கண்டுபிடிக்கவில்லை.

இனி விலைக்கு வருவோம். கீழ்நிலை விலையில் கிடைப்பது பெரும்பாலும் அடர்த்தி குறைந்த சாதாரண பாலியூரித்தேன் ஃபோம். நடுநிலை விலையில் ஓரளவு அடர்த்தியான அடித்தளமும், அதன்மேல் சில சென்டிமீட்டர் மெமரி ஃபோமும் சேரும். அடித்தளத்தில் எச்.ஆர். எனப்படும் துள்ளுதிறன் மிக்க ஃபோம் இருந்தால் இன்னும் நல்லது. மேல்நிலையில் அடர்த்தி மிகுந்த மெமரி ஃபோம், ரப்பர் பாலிலிருந்து செய்யும் ஃபோமான லேட்டக்ஸ், பல அடுக்குகள், உடல் பகுதிக்கேற்ற மண்டலங்கள், குளிர்ச்சி தரும் ஜெல், வேலைப்பாடு மிகுந்த உறை எல்லாம் வரும்.

என் அனுபவத்தில், கீழிருந்து நடுவுக்கு ஏறும்போது கொடுக்கும் கூடுதல் பணம் முதுகுக்குப் போய்ச் சேருகிறது. நடுவிலிருந்து மேலே ஏறும்போது கொடுப்பதில் பெரும்பகுதி உறைக்கும் உயரத்துக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. லேட்டக்ஸ் இதற்கு விலக்கு; உண்மையான லேட்டக்ஸ் நன்றாக உழைக்கும். ஆனால் ‘இயற்கை’ என்ற சொல் இருந்தும் செயற்கை ரப்பர் கலந்திருக்கலாம். விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஜெல் குளிர்ச்சி படுத்த சிறிது நேரத்தில் உடல் சூட்டோடு சமமாகிவிடும். 30 சென்டிமீட்டர் உயரம் 20 சென்டிமீட்டரைவிடச் சிறந்தது என்றும் எண்ண வேண்டாம். கூடுதல் 10 சென்டிமீட்டர் மலிவு ஃபோமாகவே இருக்கலாம்.

நடுநிலை விலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘மெமரி ஃபோம் மெத்தை’ என்று பெயர் இருக்கும். அடுக்குகளின் விவரத்தைத் திறந்து பார்த்தால் மெமரி ஃபோம் இரண்டரை சென்டிமீட்டர்தான். மீதி எல்லாம் வெறும் ‘சப்போர்ட் ஃபோம்’, அடர்த்தி சொல்லப்படாது. உங்கள் எடையைத் தாங்கப் போவது அந்த மீதிதான்.

அடித்தள ஃபோமுக்கு, பெரியவர்கள் தினமும் படுப்பதற்கு, கன மீட்டருக்கு 28 கிலோவுக்குக் கீழே போகாதீர்கள் என்பது நான் நோயாளிகளுக்குச் சொல்லும் எல்லை. உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு 35-க்கு மேல். மெமரி ஃபோம் அடுக்குக்கு 50 அல்லது அதற்கு மேல். விற்பவர் அடர்த்தியைச் சொல்லவில்லையா? எழுதிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதுவே பதில்.

அப்படியும் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அந்தப் பெண்மணிக்கு முன்னால் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினேன். அவருடைய மெத்தை 190 செ.மீ. நீளம், 150 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். மீட்டரில் பெருக்கினால் 0.4275 கன மீட்டர். எடை 10 கிலோ என்று அந்தப் பக்கத்திலேயே இருந்தது. உறைக்கு ஒரு கிலோ கழித்தால் ஃபோம் 9 கிலோ. 9-ஐ 0.4275-ஆல் வகுத்தால் அடர்த்தி சுமார் 21. அந்தத் தாளையே அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 32 அடர்த்தி உள்ள மெத்தையாக இருந்திருந்தால் அதே அளவுக்கு உறையோடு சேர்த்து 15 கிலோவை நெருங்கியிருக்கும். நீளம், அகலம், உயரம், எடை ஆகிய நான்கும் அநேகமாக எல்லா விற்பனைப் பக்கங்களிலும் இருக்கின்றன. வாங்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், தயவுசெய்து.

இந்தக் கணக்கை ஏமாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது: ரீபாண்டட் ஃபோம். தொழிற்சாலையில் கழிவாகும் ஃபோம் துண்டுகளைப் பொடித்துப் பசையிட்டு அழுத்திச் செய்வது. பல நிறத் துணுக்குகளோடு இருக்கும். மிகவும் கனக்கும், மிகவும் விறைப்பாகவும் இருக்கும். அதன் அடர்த்தி எண் நல்ல மெமரி ஃபோமையே மிஞ்சிவிடும். அதைக் காட்டியே ‘உயர் அடர்த்தி ஆர்த்தோ மெத்தை’ என்று விற்கிறார்கள். மெத்தையின் அடியில் ஓர் அடுக்காக இருந்தால் குற்றமில்லை. முழு மெத்தையும் அதுவாக இருந்தால், மேலே போதிய மெத்தென்ற அடுக்கு இல்லாமல், வேண்டாம். அடர்த்தியை ஒப்பிடும்போது ஒரே வகை ஃபோமைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைப் படித்தோமே என்பார்கள். தேதியைப் பாருங்கள். பெரும்பாலானவை மெத்தை வந்த முதல் வாரத்தில் எழுதியவை. எந்த ஃபோமும் முதல் வாரத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு எழுதியதைத் தேடுங்கள், மூன்று நட்சத்திரங்களைத் தேடுங்கள். எழுதியவரின் எடை என்ன, எப்படிப் படுப்பார் என்பது தெரியாமல் ‘சரியான கடினம்’ என்ற வரியை நம்பாதீர்கள். 50 கிலோ எடையுள்ளவருக்குப் பலகையாகத் தெரியும் மெத்தை 90 கிலோ எடையுள்ளவருக்கு அமுங்கிப் போகும்.

வாங்கிய பிறகு. சுருட்டி வரும் மெத்தையை நாள் கடத்தாமல் பிரியுங்கள். முழு உயரத்துக்கு வர ஓரிரு நாள் ஆகலாம். வந்ததா என்று அளவுகோல் வைத்து அளந்து படம் எடுத்து வையுங்கள். வாடை இருந்தால் சன்னலைத் திறந்து வையுங்கள். செர்டிபூர், ஓகோடெக்ஸ் போன்ற சான்றுகள் முக்கியமாக வேதிப்பொருள் பற்றியவை. மெத்தை எத்தனை நாள் உழைக்கும் என்று அவை சொல்லவில்லை. உறையைக் கழற்றித் துவைக்கலாம் என்று எழுதியிருந்தால் மட்டுமே கழற்றுங்கள். சில மெத்தைகளில் தீத்தடுப்புக்காக உள்ளே கண்ணாடி இழை இருக்கிறது. அது வெளிவந்தால் தோலுக்கும் மூச்சுக்கும் தொல்லை.

வாரண்டித் தாளை முழுதாகப் படியுங்கள். எத்தனை சென்டிமீட்டர் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று ஓர் எண் இருக்கும். அதற்குக் குறைந்த பள்ளம் உங்கள் இடுப்பை முறித்தாலும் அவர்கள் கணக்கில் வராது. கறை பட்டால், கட்டில் பலகைகளின் இடைவெளி அதிகமாக இருந்தால் வாரண்டி செல்லாது என்ற விதிகளும் பல நிறுவனங்களிடம் உண்டு. சோதனைக் காலம் தருபவர்களிடமே வாங்குங்கள். புதிய மெத்தைக்கு உடல் பழக மூன்று நான்கு வாரம் கொடுங்கள். அதற்கு மேலும் வலி குறையவில்லை என்றால் சங்கடப்படாமல் திருப்பி அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் கடைசி நாளை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அந்தப் பெண்மணிக்கு அந்த நாள் மூன்று வாரத்துக்கு முன்பே கடந்துவிட்டது.

கைக்குழந்தையை மெமரி ஃபோமில் படுக்கவைக்காதீர்கள். முகம் புதைந்தால் மூச்சு அடைபடும். குழந்தைக்குத் தட்டையான, அமுங்காத படுக்கைதான் வேண்டும். விறைப்பு உண்மையிலேயே தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே ஆண்டில் மூன்று மெத்தைகள் மாற்றியவர். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட விலை கூடுதல். என்னிடம் வந்தபோது ஒரு கால் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. எட்டு மாதமாகக் கால் மரத்துக்கொண்டிருந்தது என்றார். மெத்தைதான் காரணம் என்று நம்பியிருந்தார். நரம்பு அழுந்திக் கிடந்த முதுகுக்கு எந்த விலை ஃபோமும் உதவியிருக்காது. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் பலம் குறைந்தாலோ, எந்த நிலையில் படுத்தாலும் இரவு வலி விடாமல் இருந்தாலோ, விற்பனைப் பக்கங்களை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை, தொடைகளின் இடையே மரத்திருக்கிறது என்றால் மறுநாள்வரைகூடக் காத்திருக்காதீர்கள். அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.