புதுக் காரின் வயதை எது காட்டிக்கொடுக்கும்?

‘புத்தம் புதிய கார்’ என்று விற்பனையாளர் சொல்லும்போது மூன்று செய்திகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். கார் அண்மையில்தான் ஆலையை விட்டு வந்தது, இதுவரை யார் பெயரிலும் பதிவாகவில்லை, சாலையில் ஓடவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஈராண்டுக்கு முன் தயாராகித் திறந்தவெளிக் கிடங்கில் வெயில் காய்ந்த கார், ஐம்பது கிலோமீட்டர்கூட ஓடாமல் இருக்கலாம். நிறுவனத்தின் பெயரில் பதிவாகி, டெமோ காராகப் பலர் கையில் பட்ட வண்டி, தயாரிப்புத் தேதிப்படி இளமையாகவே இருக்கலாம். ஆகவே ‘புதிதா?’ என்று மொத்தமாகக் கேட்டால் ‘ஆம்’ என்ற பதில் எளிதாகக் கிடைக்கும். மூன்றையும் தனித்தனியே கேட்டால்தான் விற்பனையாளர் கோப்பைப் புரட்டத் தொடங்குவார்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்குப் பணமதிப்பு அதிகம். கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கவேண்டிய, 1990 முதல் நடப்பில் இருக்கும் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, பத்தாண்டுகளுக்குத்தான் செல்லும். பதிவான நாளிலிருந்து அதன் ஆயுள் கரையத் தொடங்கிவிடுகிறது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 106,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. அதை 120 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 883 வெள்ளி. அந்த விலையில் எடுத்த சிஓஇயுடன் ஆறு மாதம் டெமோவாக ஓடிய காரை வாங்குகிறவர், 5,300 வெள்ளி மதிப்புள்ள காலத்தை வேறொருவர் செலவழித்த பிறகு வாங்குகிறார். விலையில் அது கழிக்கப்பட்டிருந்தால் அது நல்ல பேரமாகக்கூட அமையும். கழிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை என்றால்தான் வம்பு.

பதிவான காரைப் பற்றி நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேடு தெளிவாகப் பேசும். லாக் கார்டு என்று எல்லாரும் சொல்லும் வாகன விவரத்தில் தயாரிப்பு ஆண்டு, முதல் பதிவுத் தேதி, மூலப் பதிவுத் தேதி, உரிமை எத்தனை முறை கைமாறியது என்பன இருக்கும். இரண்டு பதிவுத் தேதிகளும் ஒன்றாக இல்லாவிட்டால், கார் வேறொரு நாட்டில் முன்பே பதிவாகியிருக்கிறதா என்று உடனே கேட்க வேண்டும். ‘முதல் உரிமையாளர் நீங்கள்தான்’ என்று சொல்லப்பட்ட காரில் கைமாறிய எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று என்று இருந்தால் உங்களுக்கு முன் ஒருவர் இருந்திருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், இன்னும் பதிவாகாத காருக்கு லாக் கார்டே கிடையாது. உங்கள் பெயரில் பதிவான பிறகுதான் அது உருவாகும். லெங் கீ சாலையிலோ உபியிலோ காட்சிக் காரைப் பார்த்து முன்பணம் கட்டுகிறோம். நமக்கு வரப்போகும் கார் வேறெங்கோ நிற்கிறது. காகிதம் உண்மையைச் சொல்லும், ஆனால் தாமதமாகச் சொல்லும். அதற்கு முன் நமக்குத் துணை, காரின் உடம்பு மட்டுமே.

அந்த உடம்பில் தேதிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். அவை பல நிறுவனங்களில், பல ஊர்களில் தயாரானவை. குறைபாடு வந்தால் எந்தத் தொகுதியில் வந்தது என்று கண்டுபிடிப்பதற்காக அந்தந்த நிறுவனம் தன் பொருளில் தன் தேதியைப் பொறித்துவிடுகிறது. டயர் செய்தவருக்கும் கண்ணாடி செய்தவருக்கும் இருக்கைவார் தைத்தவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. கூடிப் பேசிப் பொய் சொல்லும் தேவையும் இல்லை. ஒரு இடத்தில் தேதியை மாற்றுவது மலிவு. இருபது இடத்தில் மாற்றுவதற்குக் காரையே புதிதாக வாங்கிவிடலாம்.

முதலில் அடிச்சட்ட எண். ஐஎஸ்ஓ 3779 தரத்தைப் பின்பற்றும் கார்களில் அது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. 1, 0 ஆகியவற்றோடு குழப்பிக்கொள்ளாதபடி ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றையும் விட்டுவிட்டார்கள். வட அமெரிக்க வழக்கப்படி பத்தாவது இடம் மாடல் ஆண்டைக் குறிக்கும்: 2023க்கு P, 2024க்கு R, 2025க்கு S, 2026க்கு T. இதில் இரண்டு எச்சரிக்கைகள். மாடல் ஆண்டு என்பது நாள்காட்டி ஆண்டு அன்று. 2025 மாடல் 2024 நடுவிலேயே ஆலையில் உருவாகத் தொடங்கியிருக்கலாம். மேலும் எல்லா நிறுவனங்களும் பத்தாம் இடத்தை அப்படிப் பயன்படுத்துவதில்லை. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்றே செய்யப்பட்டு, இணை இறக்குமதியாளர்கள், அதாவது நிறுவனத்தின் அதிகாரபூர்வ முகவர் அல்லாதவர்கள், வழியாக இங்கு வரும் கார்களில் பொதுவாக 17 இட எண்ணே இருக்காது. மாடல் குறியீடு, ஒரு சிறுகோடு, பிறகு வரிசை எண், அவ்வளவுதான். அதைப் பார்த்து ஆண்டைச் சொல்ல முடியாது. அப்போது ஆலையிலிருந்து வெளியேறிய மாதத்தை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எனக்குப் பிடித்த சாட்சி இதைவிடச் சிறியது. எஞ்சின் மூடியைத் தூக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் உறை ஏதாவது ஒன்றின் மேல் கைப்பேசி விளக்கை அடியுங்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் புடைப்பாகத் தெரியும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள். நடுவில் ஓர் அம்புக்குறி. அதன் இருபுறமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் அச்சுக்குள் பதித்த சிறு உலோக வில்லை அது. மாதம் மாறும்போது ஆலைத் தொழிலாளி திருப்புளியால் அம்பைத் திருகி அடுத்த எண்ணுக்குக் கொண்டுபோகிறார். அந்த மாதம் வார்க்கப்படும் ஒவ்வொரு பாகமும் பிறந்த தேதியைச் சுமந்துகொண்டுதான் வெளியே வருகிறது. எல்லாப் பாகங்களிலும் இது இருக்காது. தேடினால் சிலவற்றிலாவது கிடைக்கும்.

டயரில் தேதி இன்னும் வெளிப்படை. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள்: 3124 என்றால் 2024ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே முழு வரிசை இருக்கும் என்பதால் சில நேரம் உட்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். கோயில் வாசலில் புதுக் காருக்குப் பூசை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது எப்படியும் குனியத்தான் போகிறோம். ஆனால் அதற்குள் கையெழுத்தெல்லாம் முடிந்திருக்கும். ஒரு நாள் முன்னதாகக் குனிவது நல்லது. இருக்கைவாரின் அடிப்பகுதியில் தைத்த துணிச்சீட்டு, கண்ணாடி மூலையில் இருக்கும் நிறுவன முத்திரை ஆகியவற்றிலும் தேதியோ அதன் குறியீடோ இருக்கும்.

இத்தனை தேதிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984இல் அகழாய்வு தொடங்கியது. இத்தகைய ஆய்வில் கைக்கொள்ளும் தர்க்கம் இங்கும் பொருந்தும். கலையாத மண்ணடுக்கு ஒன்றில் கிடைக்கும் நாணயங்களுள் எது மிகப் பிந்தியதோ, அதற்கு முன் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது. காரும் அப்படித்தான். ஆலையிலேயே பொருத்திய பாகங்களுள் மிகப் பிந்திய தேதிக்கு முன்னால் கார் பிறந்திருக்க வழியில்லை. பாகங்கள் பொதுவாகச் சில வாரம், சில மாதம் முன்பே தயாராகிக் காத்திருக்கும். ஆகவே 2025இல் தயாரானது என்று சொல்லப்படும் காரில் தேடிய இடமெல்லாம் 2023 என்றே வந்தால் கேள்வி கேட்க வேண்டும். எல்லாம் 2024 மார்ச்சைச் சுற்றியிருக்க, ஒரே ஒரு முகப்பு விளக்கு மட்டும் 2025 என்றால் அந்த விளக்கு பின்னால் மாற்றப்பட்டது. ஏன் மாற்றினார்கள் என்பது அடுத்த கேள்வி.

இனி ஓட்டம். ஓடோமீட்டர் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை, சுழற்சியை எண்ணுகிறது. 205/55 ஆர்16 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டு மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்றுக்குச் சற்று மேல். சக்கரத்திலோ கியர்பெட்டியிலோ உள்ள காந்த உணரி ஒவ்வொரு சுற்றுக்கும் பல துடிப்புகளை அனுப்ப, கணினி அவற்றைக் கூட்டி நினைவகச் சில்லில் எழுதுகிறது. புதுக் காரில் எண் பூஜ்யமாக இருக்காது. ஆலையிலிருந்து துறைமுகம், கப்பலுக்குள், பிறகு பாசிர் பாஞ்சாங் முனையத்தில் இறங்கிக் கிடங்கு என்று காரை ஓட்டித்தான் நகர்த்துகிறார்கள். சில பத்துக் கிலோமீட்டர் இயல்பு. நூறுகளில் இருந்தால் காரணம் வேண்டும்.

முகப்பில் தெரியும் எண்ணை மாற்றும் கருவிகள் சந்தையில் உண்டு. ஆனால் தூரத்தைக் குறித்துவைப்பது முகப்புப் பலகை மட்டும் அல்ல. பல கார்களில் எஞ்சின் கணினி, பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சிலவற்றில் சாவிகூடத் தனியே குறித்துக்கொள்கிறது. காரின் கணினியைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவியை ஓட்டுநர் காலருகே உள்ள செருகுவாயில் மாட்டினால் எஞ்சின் கணினியிடம் ‘பிழைக் குறிகளை அழித்த பின் ஓடிய தூரம்’ என்ற கணக்கைக் கேட்கலாம். முகப்பில் 40 கிலோமீட்டர், இந்தக் கணக்கில் 900 என்றால் முகப்பு எண்ணை நம்ப முடியாது. இந்தக் கணக்கு குறைவாக இருந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை. ஒரு பொத்தானை அழுத்திப் பிழைக் குறிகளை அழித்தால் அது மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முரண்பாடு பொய்யைக் காட்டும். முரண்பாடு இல்லை என்பது உண்மைக்குச் சான்றாகாது.

மின்னணுவை ஏமாற்றினாலும் தேய்மானத்தை ஏமாற்றுவது கடினம். புது டயரின் ஓடுபரப்பில் ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அச்சின் காற்றுத் துளைகளில் ரப்பர் புகுந்து உண்டானவை அவை. தரையைத் தொடும் இடத்தில் சீக்கிரமே உதிர்ந்துவிடும். பிரேக் தட்டின் விளிம்பை நகத்தால் தடவினால் புதுத் தட்டில் படி தட்டாது. நிறைய ஓடியதில் பிரேக் கட்டை படாத ஓரம் மேடாக நிற்கும். தட்டில் செம்பழுப்புத் துரு தெரிந்தால் பதற வேண்டாம். நம்மூர் ஈரக்காற்றில், மழையில் நனைந்த காரின் தட்டு ஒரே இரவில் துரு பூத்துவிடும். நாலு முறை பிரேக் போட்டால் போய்விடும்.

பெயிண்ட்டுக்குத் தனிக் கதை உண்டு. ஆலையில் பூசிய வண்ணம் நாலைந்து அடுக்காக இருந்தாலும் மொத்தக் கனம் பொதுவாக 90 முதல் 160 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். எஃகுத் தகட்டின் மேல் வைத்தால் காந்தத் தூண்டலால் வேலை செய்கிறது: நடுவில் உள்ள பெயிண்ட் தடிமனானால் எஃகு தள்ளிப்போகிறது, காந்தப் பாயம் குறைகிறது, அந்தக் குறைவைக் கருவி கனமாக மாற்றிச் சொல்கிறது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் அங்கே உயர் அதிர்வெண் சுருள் ஒன்று உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, அதன் எதிர்ப்புலத்தை அளக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் இந்த இரண்டும் செல்லாது.

கூரையில் 110, முன்கதவில் 115, பின்கதவில் 280 என்று வந்தால் பின்கதவு மறுபடி பூசப்பட்டிருக்கிறது. ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் புட்டி வைத்து ஒடுக்கை நிரப்பியிருக்கிறார்கள். கருவி இல்லாதவர் கண்ணாலும் பிடிக்கலாம். ஆலையில் வெறும் உலோகக் கூட்டைச் சூடான அடுப்பில் சுடுகிறார்கள். அடிப்பூச்சு 160 பாகை செல்சியசுக்கு மேலும் வேகும். முழுக் காரில் பிளாஸ்டிக்கும் கம்பிகளும் இருப்பதால் பட்டறையில் 60 பாகை அளவோடு நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்கேற்ற வேறு பெயிண்ட், கையால் தெளித்தது. மேற்பரப்பின் புள்ளியமைப்பு பக்கத்துத் தகட்டோடு பொருந்தாமல் போகலாம். கதவுக் கீலின் போல்ட்டுகளையும் பாருங்கள். உடலோடு சேர்த்துப் பூசப்பட்ட போல்ட்டில் ஸ்பேனர் பட்டால் விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்து உலோகம் மின்னும்.

கப்பலில் கீறல் பட்டுப் பட்டறையில் சரிசெய்யப்பட்ட கார் பழைய கார் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அப்படி நடப்பதுண்டு. வாங்குகிறவரிடம் சொல்லாமல் மறைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

ஓடாமல் நின்ற காருக்கும் மூப்பு வரும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டிஓடி 4 வகையில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். மின்சாரக் காரின் லித்தியம் மின்கலம் ஓட்டாமலேயே கொள்ளளவை இழக்கும். வெப்பமும் முழு மின்னேற்றமும் சேர்ந்தால் அந்த இழப்பு கூடும். இங்கே மின்சாரக் கார் வாங்குவோர் பெருகிவரும் நிலையில், தயாரிப்பு மாதத்தைக் கேட்பதோடு மின்கல நலத்தின் அளவீட்டையும் கேட்பது நியாயமே. வாசனையை மட்டும் நம்பவேண்டாம். அது பசையும் பிளாஸ்டிக்கும் வெளிவிடும் ஆவிகளின் கலவை. புட்டியில் அடைத்தும் விற்கிறார்கள்.

கண்டுபிடித்ததற்குச் சட்டத்தில் பலன் இருக்க வேண்டுமானால், பேசியது காகிதத்தில் இருக்க வேண்டும். குறையுள்ள பொருளை வாங்கியவருக்குத் துணைநிற்கும், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டம், பொருள் ஒப்பந்தத்தோடு பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறது. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது பொதுவாக விற்றவர் பொறுப்பு. எனவே முன்பணம் கட்டும் படிவத்திலேயே அடிச்சட்ட எண், தயாரிப்பு மாதமும் ஆண்டும், ஒப்படைக்கும்போது ஓடோமீட்டர் தாண்டக்கூடாத எண், முன்பு எங்கும் பதிவாகவில்லை, மறுபடி பெயிண்ட் பூசவில்லை என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். தரமறுத்தால் வேறு கடை பாருங்கள். எழுதிக் கொடுத்தால் காரை எடுக்கும் நாளில், மாலை மங்கிய பிறகு போகாமல் பகல் வெளிச்சத்தில் போய், படிவத்தையும் காரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.