அண்டார்டிகா போகிறவர்களே, படிவத்தில் ஸ்டென்டை மறைக்காதீர்கள்

இந்த சீசனில் இது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்கு எழுபது வயது. பீமரத சாந்திக்குப் பிள்ளைகள் கொடுத்த பரிசு அண்டார்டிகா சொகுசுக் கப்பல் பயணம். விமானத்துக்கு இன்னும் ஐந்தே நாள். கப்பல் நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நீட்டி, "ஒரு கையெழுத்துதான் டாக்டர். நாலு மாசம் முன்னாடி இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வெச்ச ஸ்டென்டை மட்டும் எழுத வேண்டாம், இன்சூரன்ஸ்ல பிரச்சினை பண்ணுவாங்க" என்றார் மகன்.

நான் போடவில்லை. அவருக்குக் கோபம். "அவ்வளவு பெரிய கப்பல் சார், உள்ளேயே டாக்டர் இருக்கார்!"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. டாக்டர் இருக்கிறார், உண்மைதான். இசிஜி எடுப்பார், ஆக்சிஜன் வைப்பார், ஊசி போடுவார். ஆனால் ஆஞ்சியோ செய்து அடைப்பை நீக்கும் கேத் லேப் கிடையாது, ரத்த வங்கி கிடையாது. மாரடைப்பு வந்தால் இங்கே 108-ஐக் கூப்பிட்டு ஆஞ்சியோ செய்யும் மருத்துவமனைக்குப் போய்விடலாம். அங்கே அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்கவே ஏறக்குறைய இரண்டு நாள், திரும்பி வரவும் இரண்டு நாள். அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில் சிலி நாட்டின் விமான ஓடுதளம் ஒன்று உண்டு. கப்பல் அங்கே போய்ச் சேர வேண்டும், மூடுபனி விலக வேண்டும், அப்புறம்தான் நோயாளியை விமானத்தில் ஏற்றி சிலியின் புந்தா அரேனாஸுக்குக் கொண்டுபோக முடியும். நீங்கள் கட்டிய லட்சங்கள் பால்கனி அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான். அந்தப் பணத்தால் வானிலையை மாற்ற முடியாது.

"நம்ம மைத்ரி ஸ்டேஷன் இருக்கே" என்றார் வேறொருவர். மைத்ரியும் பாரதியும் கண்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள். சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் போகிற தீபகற்பத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி.

எல்லாரும் என்னிடம் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கோடையில் அங்கே பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், நல்ல உடை போதும். எனக்குப் பயம் வாந்தியைப் பற்றி. டிரேக்கில் கடல் கொந்தளித்தால் இரண்டு நாள் எதுவும் வயிற்றில் தங்காது. புது ஸ்டென்ட் அடைக்காமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையும் வாந்தியோடு வெளியே வந்துவிடும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். சரி, வாந்தியைத் தடுக்கும் அவோமின் மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு அதனால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சில வகை கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள்.

படிவத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம், விமானத்தில் மீட்கும் செலவு முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழும். அதைவிட முக்கியம், கப்பல் டாக்டர் அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் ஈரத் தளத்தில் வழுக்கித் தலையில் அடிபட்டால், அந்த மாத்திரை விஷயம் கப்பல் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மாத்திரைகளை இரண்டு மடங்காக எடுத்து, ஒரு பாதியைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் பேனாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள், ஒருமுறை உறைந்துவிட்டால் அது வீண். அர்ஜென்டினா நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்னால், ஊசி நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். கப்பலிலிருந்து கரைக்குப் போகும் ரப்பர் படகில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்குமா என்பதையும் மாடிப்படியில் ஏறி இறங்கி இங்கேயே பாருங்கள்.

தயவுசெய்து கடைசி வாரத்தில் வராதீர்கள். பயணம் டிசம்பரில் என்றால் ஜூன் மாதமே, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள்.

அந்தப் பெரியவர் கிளம்பும்போது, "அப்ப பென்குயின் பார்க்கவே முடியாதா டாக்டர்?" என்று கேட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகட்டும், எக்கோவும் டிரெட்மில்லும் பார்த்துவிட்டு அடுத்த சீசனுக்குப் பேசுவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.