நூறு ஆடுகளுக்கு ஒரே வயிறு

தயவுசெய்து, கணினி மாடல் எழுதும்போது எர்ரர் வந்தது என்பதற்காக ஒரு மாறியைத் தூக்கி குளோபல்ஸில், அதாவது எல்லாருக்கும் பொதுவான மாறிகளின் பட்டியலில், போடாதீர்கள். இதை எத்தனையோ பேரிடம் நேரில் சொல்லியாயிற்று. அண்மையில் சமர்ப்பிக்கத் தயாராக இருந்த ஓர் ஆய்வேட்டிலும் இதே தவறைப் பார்த்தபிறகுதான் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முகவர் சார்ந்த மாதிரிகளை, அதாவது ஆடுகளையோ ஆட்களையோ தனித்தனி ஏஜென்ட்டுகளாகக் கணினியில் நடமாடவிட்டுப் பார்க்கும் ஏஜென்ட் மாடல்களை, எழுதுகிறவர்களின் நிரலை, அதாவது கோடை (code), சரிபார்ப்பது என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் நிரலாளர்கள் அல்லர். சூழலியல், பொருளாதாரம், பொது சுகாதாரம் படித்தவர்கள். அவர்களுக்காகவே வந்தது நெட்லோகோ என்ற நிரல் மொழி. 1999இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கியது, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இன்றும் வளர்ந்துவருகிறது. படிக்க எளிது, அரை நாளில் திரையில் ஆடு மேயும். அந்த எளிமையில் மயங்கி, எர்ரர் செய்தியைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

நான் சொன்ன ஆய்வேடு ஒரு மேய்ச்சல் நில மாடல். நெட்லோகோவோடு வரும் ஓநாய்-ஆடு மாடலை எடுத்து, ஓநாயை நீக்கி, புல்லும் ஆடும் மட்டும் வைத்துக்கொண்டது. ஆடு நகர்ந்தால் எனர்ஜியில் ஒன்று குறையும், புல் தின்றால் நான்கு கூடும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆடு சாகும். மாணவர் இதில் ஒரு விதி சேர்க்க விரும்பினார்: மெலிந்த ஆடு நிற்கும் இடத்தில் புல் பாதிதான் தின்னப்படும். நல்ல யோசனை. அதை பேட்ச்சுகளுக்கான, அதாவது நிலத்தின் சின்னக் கட்டங்களுக்கான, ஆஸ்க் கட்டளைப் பகுதிக்குள் எழுதி, அங்கே எனர்ஜியைக் கேட்டிருக்கிறார். நெட்லோகோ மறுத்துவிட்டது. எந்த ஏஜென்ட் என்று சொல்லாமல் ஒரு பேட்ச் டர்ட்டிலின் மாறியை எடுக்க முடியாது என்று செய்தி வந்தது. டர்ட்டில் என்பது நெட்லோகோவில் நடமாடும் ஏஜென்ட், இங்கே ஆடு. அவர், ஒவ்வொரு டர்ட்டிலுக்கும் தனித்தனியாக உள்ள மாறிகளின் டர்ட்டில்ஸ்-ஓன் பட்டியலில் இருந்த எனர்ஜியை வெட்டி குளோபல்ஸில் ஒட்டினார். எர்ரர் போய்விட்டது.

போனது எர்ரர் மட்டும்தான். அந்த நொடியிலிருந்து நூறு ஆடுகளுக்கும் ஒரே வயிறு. ஓர் ஆடு நடந்தால் எல்லா ஆட்டுக்கும் பசிக்கும். ஓர் ஆடு தின்றால் எல்லாருக்கும் நிறையும். குட்டி போடும்போது தாயின் எனர்ஜி பாதியாக வேண்டும் என்பது விதி. இங்கே எந்த மூலையில் எந்த ஆடு குட்டி போட்டாலும் மொத்த மந்தையின் எனர்ஜியும் பாதியானது. புல் குறைந்த ஏதோ ஒரு டிக்கில், அதாவது மாடலின் ஒரு காலப்படியில், அந்த ஒற்றை எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அதன்பின் முறை வரும் ஆடுகள் அடுத்தடுத்துச் சாகும், நடுவில் ஏதாவது ஆட்டுக்குப் புல் கிடைத்து எண் மேலே ஏறும் வரை.

வரைபடத்தில் இது எப்படித் தெரியும்? ஏற்றம், பிறகு திடீர் வீழ்ச்சி. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க இந்த வீழ்ச்சிக்கு விளக்கம் இருந்தது, அளவு மீறிய மேய்ச்சலால் நிலம் தாங்கவில்லை என்று. படிக்க நன்றாகவே இருந்தது. அந்த மாணவரின் உழைப்பை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். மேற்பார்வையாளர்கள் யாரும் கோடைத் திறந்து பார்க்கவில்லை என்பதில் கோபமும் உண்டு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும். எர்ரர் செய்தியை ஒரு தடை என்று நினைக்கிறார்கள். அது நீங்கினால் கோடு சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். சாதாரண நிரல்களில் இந்த எண்ணம் ஓரளவு பிழைத்துப்போகும், ஏனென்றால் அங்கே சரியான விடை என்ன என்று உங்களுக்கு முன்பே தெரியும். சம்பளப் பட்டியல் தப்பாக வந்தால் யாராவது வந்து கேட்பார்கள். ஏஜென்ட் மாடலில் விடை தெரியாததால்தானே மாடலே எழுதுகிறோம்? எதிர்பாராத முடிவு வந்தால் அதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுகிற துறை இது. ஆகவே பிழையும் கண்டுபிடிப்பும் ஒரே முகத்தோடு வரும்.

மேலே சொன்ன எர்ரரை இன்னொரு முறை படியுங்கள். அது உங்களைத் திட்டவில்லை, ஒரு கேள்வி கேட்கிறது: எந்த ஆட்டின் எனர்ஜி? ஒரு பேட்ச்சில் ஆடே இல்லாமல் இருக்கலாம், ஒன்று இருக்கலாம், ஐந்து இருக்கலாம். ஐந்து இருந்தால் எதைப் பார்ப்பது? மிக மெலிந்ததையா, சராசரியையா, குத்துமதிப்பாக ஒன்றையா? இதற்கு நெட்லோகோவால் பதில் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மேய்ச்சல் நிலத்தைப் படித்தவர் நீங்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பதிலை ஒரு வாக்கியமாகத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவிட்டால் கோடு தானாக வந்துவிடும். பெரும்பாலான நேரம் பதில் என்ன தெரியுமா? அந்த விதியை பேட்ச்சிடம் கேட்டதே தப்பு. தின்பது ஆடு. ஆட்டின் பகுதிக்குள் எழுதினால், அது தன் எனர்ஜியையும் அறியும், தான் நிற்கும் பேட்ச்சின் மாறிகளையும் நேரடியாக எடுக்கும். டர்ட்டிலுக்கு அந்த உரிமை உண்டு, பேட்ச்சுக்கு இல்லை. காரணம் எளிது: ஆடு ஒரு நேரத்தில் ஒரு பேட்ச்சில்தான் நிற்க முடியும்.

குளோபல்ஸில் இருக்க வேண்டியவை மிகச் சில. மழை அளவு, சந்தை விலை, மொத்த இறப்பு எண்ணிக்கை, இப்படி உலகத்துக்கே பொதுவானவை. ஒரு மாறியை அங்கே வைக்குமுன், இரண்டு ஏஜென்ட்டுகளுக்கு இது வேறு வேறாக இருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அது குளோபல் இல்லை. பைத்தான் மொழியில் ஏஜென்ட் மாடல் எழுத உதவும் மேசாவைப் பயன்படுத்துகிறவர்கள் நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். வகுப்பின் (class) உடம்பிலேயே ஒரு காலிப் பட்டியலை வைத்துவிட்டு, ஒவ்வொரு ஏஜென்ட்டும் அதில் தன் நினைவுகளைச் சேர்ப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் கோடுகளைப் பார்த்திருக்கிறேன். எல்லா ஏஜென்ட்டும் ஒரே பட்டியலில்தான் எழுதிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஏஜென்ட்டும் உருவாகும்போது ஓடும் இனிட் செயல்பாட்டுக்குள் செல்ஃப் போட்டு உருவாக்குங்கள். பைத்தானில் இன்னொன்றும் உண்டு: மதிப்பு கொடுக்கும் இடத்தில் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதினால், அது சத்தமே இல்லாமல் புதிய மாறியை உருவாக்கிக்கொள்ளும். நெட்லோகோவாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்று நிறுத்தும்.

அடுத்து, நோபடி. பக்கத்தில் இருக்கும் ஆடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறீர்கள், பக்கத்தில் ஆடே இல்லை. நெட்லோகோ நோபடி என்று திருப்பித் தருகிறது. அதனிடம் எனர்ஜி கேட்டால் எர்ரர். உடனே கேர்ஃபுல்லி என்ற கட்டளைக்குள் எல்லாவற்றையும் பொதிந்து, எர்ரர் வந்தால் ஒன்றும் செய்யாதே என்று விட்டுவிடுகிறார்கள். செய்யாதீர்கள். அந்த உறைக்குள் ஓடும்போது வரும் எல்லாப் பிழையும் சேர்ந்து புதைந்துபோகும்: பூஜ்யத்தால் வகுத்தல், செத்துப்போன ஏஜென்ட்டை அழைத்தல், எல்லாமும். ஓநாய்-ஆடு மாடலிலேயே சரியான முறை இருக்கிறது. இரையை லெட் போட்டு ஒரு தற்காலிக மாறியில் எடுத்துவைத்து, அது நோபடி இல்லை என்றால் மட்டும் தின்னச் சொல்கிறது. இல்லாதபோது ஓநாய் என்ன செய்யும் என்பதும் உங்கள் மாடலின் ஒரு பகுதி. அதை யோசித்து எழுதுங்கள். துணை, முதலாளி, கடன் கொடுத்தவர் என்று ஒரு ஏஜென்ட் இன்னொன்றை மாறியில் வைத்திருந்தால், அந்த இன்னொருவர் இறந்ததும் அந்த மாறி நோபடிக்குச் சமமாகிவிடும். ஏஜென்ட்டுகள் இப்படிக் கூட்டு வைத்துக்கொள்ளும் மாடல்களில் இதை ஒவ்வொரு டிக்கிலும் சோதிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் பாதிக்காவது எர்ரர் வரும். எனக்கு அதிகம் பயம் தருவது எர்ரரே வராதவை.

ஓர் ஆடு தன்னைவிட வலுவான ஆடுகளை எண்ண வேண்டும். எழுதியிருப்பது இப்படி: கவுண்ட் அதர் ஷீப் வித் [எனர்ஜி > எனர்ஜி]. படிக்கும்போது சரிபோலத்தான் இருக்கிறது. ஆனால் அடைப்புக்குள் நுழைந்ததும் இரண்டு எனர்ஜியும் எதிரில் இருக்கும் ஆட்டினுடையதுதான். ஒரு எண் தன்னைவிடப் பெரிதாக முடியாது, விடை எப்போதும் பூஜ்யம். எல்லா ஆடும் தானே வலுவானது என்று நம்பும், மாடல் கோர்வையாக ஓடும். வலது பக்கம் எனர்ஜி ஆஃப் மைசெல்ஃப் என்று இருக்க வேண்டும். மைசெல்ஃப் என்பது கேட்கிறவரைக் குறிக்கும், செல்ஃப் என்பது கேட்கப்படுகிறவரை. ஆஸ்க்குக்குள் ஆஸ்க் என்று மூன்றடுக்கு போனால் மைசெல்ஃப் ஓர் அடுக்குதான் வெளியே பார்க்கும், குழப்பம் நிச்சயம். என் வழக்கம்: உள்ளே நுழையுமுன் லெட் என்-எனர்ஜி எனர்ஜி என்று எழுதிவைத்துக்கொண்டு, உள்ளே அதையே பயன்படுத்துவது. இந்த ஒரு பழக்கம் உங்களைப் பல வாரங்கள் காப்பாற்றும்.

குட்டி போட வைக்கும் ஹேட்ச் கட்டளை தாயின் எல்லா மாறிகளையும் குட்டிக்கு அப்படியே கொடுக்கும், வயது உட்பட. வயதைப் பூஜ்யமாக்க மறந்தால் குட்டி பிறக்கும்போதே கிழம். அதற்கு நேர்மாறாக, தாயில்லாமல் புதிதாக உருவாக்கும் கிரியேட் கட்டளையில் பிறக்கும் ஏஜென்ட்டுக்கு நீங்கள் அறிவித்த எல்லா மாறியும் பூஜ்யமாகவே தொடங்கும். பூஜ்யம் என்பது உங்கள் மாடலில் ஒரு பொருளுள்ள மதிப்பாக இருந்தால், மறந்ததும் வேண்டுமென்றே வைத்ததும் வித்தியாசம் தெரியாது.

எனர்ஜி = 0 என்றால் சாவு என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். 0.1ஐப் பத்து முறை கூட்டினால் கணினிக்கு 1 வராது, 0.9999999999999999 வரும். சமம் என்று காத்திருந்தால் அந்த ஆடு சாகவே சாகாது.

பிறகு, யார் முதலில் என்ற கேள்வி. நெட்லோகோவின் ஆஸ்க் ஒவ்வொரு முறையும் ஏஜென்ட்டுகளைக் கலைத்துத்தான் அழைக்கும். முதலில் அழைக்கப்பட்டது தன் மாறியை மாற்றிவிட்டால், அடுத்தது பார்ப்பது புதிய மதிப்பை. இது வெறும் கோடு நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய விவகாரத்தைச் சொல்கிறேன். 1992இல் மார்ட்டின் நோவாக், ராபர்ட் மே என்ற ஆய்வாளர்கள், கட்டத்தில் வாழும் ஏஜென்ட்டுகளை வைத்துக் கைதிகளின் இக்கட்டு விளையாட்டை, அதாவது ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கும் விளையாட்டை, ஆட வைத்தார்கள். ஒத்துழைப்பவர்களும் ஏமாற்றுபவர்களும் முடிவில்லாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள். அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் மாறினார்கள். மறு ஆண்டே ஹூபர்மேனும் கிளான்ஸும் அதே விளையாட்டில் ஒவ்வொருவராக மாற வைத்தார்கள். ஒத்துழைப்பவர்கள் அழிந்துபோனார்கள். 1994இல் நோவாக் குழு திரும்ப வந்து, வேறு பல அளவுகளில் ஒவ்வொருவராக மாறினாலும் இரு தரப்பும் சேர்ந்து வாழ்வதைக் காட்டியது. எது சரி என்பதல்ல இங்கே விஷயம். மாறி எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்பதே ஒரு அனுமானம், அதை நீங்கள் தெரிந்து செய்ய வேண்டும், கட்டுரையில் எழுத வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்றால் இரண்டு ஆஸ்க் போடுங்கள்: முதலாவதில் அனைவரும் பார்த்துக் கணக்கிட்டுத் தனி மாறியில் வைக்கட்டும், இரண்டாவதில் மாறட்டும். நெட்லோகோவின் லைஃப் மாடலைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும்.

சரி, என்ன செய்வது? முதலில் இரண்டே ஏஜென்ட் போட்டு ஓட்டுங்கள். இரண்டு ஆடு, சின்ன உலகம், ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே தற்செயல் எண்கள் வர ரேண்டம்-சீடில் ஓர் எண். ஒவ்வோர் ஆட்டின் மேலும் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்து, இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோ (go) பொத்தானை ஒவ்வொரு டிக்காக அழுத்துங்கள். ஒரு காகிதத்தில் கையால் கணக்குப் போட்டுக்கொண்டே வாருங்கள். குளோபல் வயிறு ஐந்தாவது டிக்குக்குள் பிடிபட்டுவிடும், ஏனென்றால் இன்ஸ்பெக்ட் ஜன்னலில் எனர்ஜி என்ற வரியே இருக்காது. இதற்குச் சோம்பல்படாதீர்கள். நூறு ஆட்டை ஓடவிட்டு வரைபடத்தைப் பார்ப்பது சோதனையே இல்லை.

அப்புறம் எது மாறவே கூடாதோ அதைக் கோடிலேயே கேளுங்கள். நோய் மாடலில் பிறப்பு, இறப்பு இல்லை என்றால், தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் மூன்றும் கூட்டினால் எப்போதும் மொத்த மக்கள்தொகை வர வேண்டும். வராவிட்டால் ரன் நிற்கட்டும். எனர்ஜி எதிர்மறையாக இருக்கும் உயிருள்ள ஆடு ஒன்று இருந்தாலும் நிற்கட்டும். ஒரு மாறியை எங்கே அறிவித்தீர்களோ அதே வரியில் அதன் அலகையும் எழுதுங்கள். எர்ரர் வந்து ஒன்றை மாற்றினால், மாற்றுமுன் உள்ள பிரதியை வைத்துக்கொண்டு, அதே சீடில் இரண்டையும் ஓட்டி என்ன வேறுபடுகிறது என்று பாருங்கள்.

யாரிடமாவது உதவி கேட்டு அனுப்பும்போது திரையைக் கைபேசியில் படமெடுத்து அனுப்ப வேண்டாம். எர்ரர் செய்தி முழுவதும், எந்தப் பதிப்பு, பிழை வரும் சின்னக் கோடு, இவற்றோடு ஒரு வாக்கியம் சேர்த்து அனுப்புங்கள்: இந்த இடத்தில் எந்த ஏஜென்ட், யாருடைய எந்த மாறியைப் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அந்த வாக்கியம் இல்லாமல் வரும் கோடை நான் திருத்தித் தருவதில்லை.